கடல்நீரின் கணக்கை எழுதும் நுண்ணுயிர்கள்

பெருங்கடல்களின் ஆழத்திலிருந்து நீரை எடுத்து, அதில் கரைந்திருக்கும் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் அளந்தால், ஒரு பாஸ்பரஸ் அணுவுக்கு ஏறத்தாழ 16 நைட்ரஜன் அணுக்கள் என்ற கணக்கு கிடைக்கிறது. மேற்பரப்பில் மிதந்து வாழும் நுண்ணுயிர்களை வடிகட்டி எடுத்து, அவற்றின் உடலில் உள்ள தனிமங்களைக் கணக்கிட்டாலும் சராசரியாக அதே 16-க்கு 1 தான் வருகிறது. இந்த ஒற்றுமையை 1934-இல் முதன்முதலாகச் சுட்டிக்காட்டியவர் அமெரிக்கக் கடலியலாளர் ஆல்ஃப்ரெட் ரெட்ஃபீல்டு. பிற்காலத் திருத்தங்களுக்குப் பிறகு கார்பன் 106, நைட்ரஜன் 16, பாஸ்பரஸ் 1 என்று நிலைபெற்ற இந்த விகிதம் இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. கடல் நுண்ணுயிர்களைப் பற்றி நான் படித்தவற்றுள் என்னை மிகுதியாகச் சிந்திக்க வைத்தது இந்த ஓர் எண்தான். உயிரின் உடலும் அது வாழும் நீரும் ஒரே கணக்கைக் காட்டுகின்றன என்றால், எது எதைப் பார்த்து எழுதியது?

உயிரினம் சூழலுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது என்றுதான் பள்ளியில் நமக்குச் சொல்லித் தருகிறார்கள். அதன்படி, கடலில் 16-க்கு 1 என்று கிடைப்பதால் நுண்ணுயிர்களும் அதே அளவில் உடலை அமைத்துக்கொண்டன என்று சொல்லிவிடலாம். ரெட்ஃபீல்டு 1958-இல் இதற்கு நேர்மாறான விளக்கத்தை முன்வைத்தார். பாஸ்பரஸ் பாறைகளிலிருந்து கரைந்து ஆறுகள் வழியாக வருவது. அதன் அளவை உயிர்களால் கூட்ட முடியாது. நைட்ரஜனோ வளிமண்டலத்தில் வற்றாத இருப்பாக இருக்கிறது. ஆகவே, பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறதோ அதற்கு ஈடாக நைட்ரஜனைக் கூட்டியும் குறைத்தும் கடல்நீரின் விகிதத்தை நுண்ணுயிர்களே அமைத்திருக்க வேண்டும் என்றார் அவர்.

அது எப்படி நிகழ்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். கடல்நீரில் நைட்ரஜன் வாயு ஏராளமாகக் கரைந்திருக்கிறது. ஆனால் அதன் இரண்டு அணுக்களையும் இறுக்கிப் பிடித்திருக்கும் மும்மைப் பிணைப்பை உடைக்கும் திறன் பெரும்பாலான உயிர்களுக்கு இல்லை. ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியாக்களான சயனோபாக்டீரியாக்களில் டிரைக்கோடெஸ்மியம் போன்ற சில, நைட்ரஜனேஸ் என்னும் நொதியைக்கொண்டு அதைச் செய்கின்றன. அது மலிவான வேலையன்று. ஒரு நைட்ரஜன் மூலக்கூற்றை அம்மோனியாவாக்க செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறுகள் 16 செலவாகின்றன. நொதியைக் கட்டுவதற்கே நிறைய இரும்பு வேண்டும். ஆக்சிஜன் பட்டால் அந்த நொதி கெட்டுப்போகிறது. எனவே நைட்ரேட் தீர்ந்து பாஸ்பேட் மட்டும் மிஞ்சியிருக்கும் நீரில்தான் இவ்வளவு செலவு செய்து வாழ்வது கட்டுப்படியாகும். அத்தகைய நீரில் இவை பெருகுகின்றன. இறந்து சிதையும்போது இவற்றின் உடலில் இருந்த நைட்ரஜன் மற்ற உயிர்களுக்குக் கிடைக்கிறது. நீரில் நைட்ரஜன் கூடக்கூட இவற்றுக்கு இருந்த சாதகம் குறைந்து, மலிவாக வாழும் மற்ற இனங்கள் முந்திக்கொள்கின்றன. இதே வேலையைச் செய்துவந்த மற்றொரு சயனோபாக்டீரியா, ஒற்றைச் செல் பாசி ஒன்றின் உடலுக்குள் குடியேறி, காலப்போக்கில் அதன் உள்ளுறுப்பாகவே மாறிவிட்டது என்பது 2024-இல் அறிவிக்கப்பட்டது.

கழித்தல் வேலையைச் செய்பவை வேறு நுண்ணுயிர்கள். ஆக்சிஜன் தீர்ந்துபோன நீரில், மூச்சுக்கு ஆக்சிஜன் கிடைக்காத பாக்டீரியாக்கள் அதற்குப் பதிலாக நைட்ரேட்டைப் பயன்படுத்தி, அதைப் படிப்படியாக நைட்ரஜன் வாயுவாக மாற்றி வளிமண்டலத்துக்கே திருப்பி அனுப்புகின்றன. அம்மோனியத்தையும் நைட்ரைட்டையும் இணைத்து அதே வாயுவை உண்டாக்கும் மற்றொரு கூட்டமும் உண்டு. நைட்ரஜன் மிகுந்தால் மேற்பரப்பில் உயிர்ப்பொருள் பெருகும். அது மூழ்கி அழுகும்போது ஆழத்தில் ஆக்சிஜன் குறையும். ஆக்சிஜன் குறைந்த இடத்தில் நைட்ரேட் அழியும். கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும் இந்த ஏற்பாட்டை எந்த உயிரும் திட்டமிடவில்லை. ஒவ்வொன்றும் தன் பசிக்காகச் செய்யும் வேலை, சில ஆயிரம் ஆண்டுகளில் ஒரு பெருங்கடலின் வேதியியலாகத் திரள்கிறது. இதில் 16 என்பது ஒரு கூட்டுச் சராசரி மட்டுமே என்பதையும் சொல்லிவிட வேண்டும். சத்துக் குறைந்த வெப்பமண்டல நீரில் வாழும் நுண்ணுயிர்களின் உடலில் இந்த எண் 20-ஐத் தாண்டுவதுண்டு. சத்து மிகுந்த குளிர்ந்த நீரில் வாழும், சிலிக்கா ஓடுடைய ஒற்றைச் செல் பாசிகளான டயட்டம்களில் அதைவிடக் குறைவு.

இவ்வளவு பெரிய வேலையைச் செய்பவை எத்தனை என்பதே நெடுங்காலம் சரிவரத் தெரியாதிருந்தது. கடல்நீரைச் சத்துக்கூழ் தட்டில் பரப்பி, முளைக்கும் பாக்டீரியாத் திட்டுகளை எண்ணுவதே பழைய முறை. கடல் நுண்ணுயிர்களில் நூற்றில் ஒன்றுகூட அத்தட்டில் வளர்வதில்லை. 1970-களில், நுண்துளை வடிதாளில் நீரை வடித்து, மரபணுப் பொருளோடு ஒட்டி ஒளிரும் சாயத்தை ஏற்றி, ஒளிர்வு நுண்ணோக்கியில் நேரடியாக எண்ணத் தொடங்கிய பிறகுதான், ஒரு மில்லிலிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ பத்து லட்சம் பாக்டீரியாக்கள் இருப்பது உறுதியாயிற்று. அப்படிச் சாயமேற்றிய வடிதாளைப் பார்க்கும் வாய்ப்பு எனக்கும் கிடைத்தது. கண்ணுக்குக் கண்ணாடிபோல் தெளிந்து தெரிந்த நீரிலிருந்து வந்த அந்தத் தாளில், பார்வைப் புலம் முழுவதும் பச்சைப் புள்ளிகள் நெருங்கிக் கிடந்தன. சற்றுப் பெரிய புள்ளிகள் பாக்டீரியாக்கள். அவற்றுக்கிடையே ஊசிமுனை அளவில் மினுங்கியவை வைரஸ்கள் என்று உடனிருந்தவர் விளக்கினார். சாயத்தில் அவை எல்லாமே ஒன்றுபோலத்தான் தெரிந்தன. எது எந்த இனம், எது என்ன வேலை செய்கிறது என்று பிரித்தறிவதற்கு அறிவியல் அதன் பிறகும் பல பத்தாண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது.

இந்தப் பத்து லட்சம் உயிர்களுக்கும் அந்த ஒரு மில்லிலிட்டர் நீர், நமக்குத் தோன்றுவதுபோல எங்கும் ஒரே சீரான நீர் அன்று. முதலில், அவற்றின் அளவுக்கு நீர் தேனினும் கெட்டியானது. நீந்திக்கொண்டிருக்கும் பாக்டீரியா தன் இழையைச் சுழற்றுவதை நிறுத்தினால், ஓர் அணுவின் விட்டத்தைக்கூடக் கடப்பதற்கு முன் நின்றுவிடும் என்று இயற்பியலாளர் எட்வர்டு பர்செல் 1977-இல் கணக்கிட்டுக் காட்டினார். இரண்டாவதாக, அந்நீரில் சத்துகள் திட்டுத்திட்டாகவே இருக்கின்றன. ஒளிச்சேர்க்கை செய்யும் ஒவ்வொரு பாசிச் செல்லிலிருந்தும் சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் சிறிது சிறிதாகக் கசிகின்றன. அந்தக் கசிவு செல்லைச் சுற்றி மெல்லிய உறைபோல் படர்ந்து, விலகிச் செல்லச் செல்ல நீர்த்துப்போகிறது. நிலத்துச் செடியின் வேரைச் சுற்றியுள்ள மண்ணில் நுண்ணுயிர்கள் மொய்ப்பதுபோல, நீந்தத் தெரிந்த பாக்டீரியாக்கள் கசிவின் வாசனையைப் பிடித்து இந்த உறைக்குள் வந்து சேர்கின்றன.

வந்து சேர்ந்தவை கிடைத்ததைத் தின்றுவிட்டுப் போய்விடுவதில்லை. சூடோநிட்ஷியா என்னும் டயட்டத்தின் அருகில் வாழும் சல்ஃபிட்டோபாக்டர் என்ற பாக்டீரியாவைப் பற்றி 2015-இல் வெளியான ஆய்வு ஒன்று இதைத் துல்லியமாகக் காட்டியது. டயட்டம் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தைக் கசியவிடுகிறது. பாக்டீரியா அதை எடுத்து, நிலத்துச் செடிகளில் வளர்ச்சியைத் தூண்டும் அதே ஹார்மோனாகிய இண்டோல் அசிட்டிக் அமிலமாக மாற்றி வெளிவிடுகிறது. அதைப் பெற்ற டயட்டத்தின் செல் பிரிதல் வேகம் கூடுகிறது. கூடவே அம்மோனியமும் கைமாறுகிறது. அந்தப் பாக்டீரியாவுக்கு அதன் சூழல் என்பது இந்த ஒரு டயட்டத்தைச் சுற்றியுள்ள மிகச்சிறிய நீர்ப்பரப்பு. அந்த நீர்ப்பரப்பில் என்ன இருக்கும் என்பதை முடிவு செய்வதில் அதற்கே ஒரு பங்கு உண்டு. சூழலையும் அதில் வாழ்பவரையும் தனித்தனியே பிரித்து வைத்துப் பேச முடியாத நிலை இங்கிருந்தே தொடங்குகிறது என்று நான் கருதுகிறேன்.

இனி, சத்தே இல்லாத திறந்த கடலுக்குப் போவோம். அங்கு அரசோச்சுவது புரோகுளோரோகாக்கஸ். சாலி சிஷோமும் ராபர்ட் ஓல்சனும் உடனாய்வாளர்களும் 1988-இல் அறிவித்த இந்தச் சயனோபாக்டீரியாவின் விட்டம் ஏறத்தாழ 0.6 மைக்ரோமீட்டர், நாமறிந்த ஒளிச்சேர்க்கை உயிர்களில் இதுவே மிகச் சிறியது. சிறிய உடல் என்பதே ஒரு மறுமொழிதான். பருமனோடு ஒப்பிடும்போது மேற்பரப்பு மிகுந்திருப்பதால், மிக நீர்த்த சத்தையும் அதனால் உறிஞ்சிக்கொள்ள முடிகிறது. அதன் சிக்கனம் அதோடு நிற்கவில்லை. எல்லாச் செல்களுக்கும் கொழுப்பாலான சவ்வு உண்டு. அதில் பொதுவாகப் பாஸ்பரஸ் இருக்கும். வட அட்லாண்டிக்கின் ஒரு பகுதியான சர்காசோ கடலின் மேற்பரப்பில் பாஸ்பேட் கிட்டத்தட்ட இல்லை என்னும் அளவுக்குக் குறைவு. அங்கு வாழும் புரோகுளோரோகாக்கஸ் தன் சவ்வில் பாஸ்பரஸ் உள்ள கொழுப்புக்குப் பதிலாகக் கந்தகம் உள்ள கொழுப்பைப் பெருமளவில் வைத்துக் கட்டுகிறது. கந்தகம் கடல்நீரில் சல்ஃபேட்டாகக் கொட்டிக் கிடப்பது. பாஸ்பரஸோ மரபணுவை எழுதுவதற்கு வேறு மாற்றே இல்லாதது. எங்கே விட்டுக்கொடுக்கலாம், எங்கே கூடாது என்று இவ்வளவு நுட்பமாக அமைந்த உடலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு மேலிடுகிறது.

பாஸ்பரஸ் பஞ்சத்துக்கு வேறு சில நுண்ணுயிர்கள் தரும் மறுமொழி வளிமண்டலம் வரை எட்டுகிறது. மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜன் இல்லாத இடத்தில்தான் வாழும் என்பது பொது விதி. ஆயினும் ஆக்சிஜன் நிறைந்த கடல் மேற்பரப்பு நீரில், காற்றோடு சமநிலையில் இருக்க வேண்டிய அளவைவிட மிகுதியான மீத்தேன் கரைந்திருப்பது நெடுநாள் புதிராக இருந்தது. இதற்கு டேவிட் கார்லும் குழுவினரும் 2008-இல் ஒரு வழியைக் காட்டினர். பாஸ்பேட் தீர்ந்துவிட்ட நீரில் சில பாக்டீரியாக்கள் மெத்தில்பாஸ்போனேட் என்ற சேர்மத்தை உடைத்து, அதிலுள்ள பாஸ்பரஸை எடுத்துக்கொள்கின்றன. மிஞ்சும் மெத்தில் பகுதி மீத்தேனாக வெளியேறுகிறது. அந்த மெத்தில்பாஸ்போனேட்டை ஆக்குவதும் கடல் நுண்ணுயிர்களே. பாஸ்பரஸுக்காகத் தவிக்கும் ஒரு செல் வேண்டாமென்று கைவிடும் துண்டு, பூமியைச் சூடேற்றும் வாயுவாகக் காற்றில் கலக்கிறது.

கடலில் எண்ணிக்கையில் முதலிடம் வகிக்கும் பெலாஜிபாக்டர் குடும்பத்தின் கதை இன்னும் விந்தையானது. 1990-இல் ஸ்டீபன் ஜியோவனோனியின் குழு சர்காசோ கடல் நீரில் இதன் மரபணுத் தடயத்தை மட்டும் கண்டது. ஆய்வகத்தில் வளர்க்க 2002 வரை ஆயிற்று. கடலின் மேல் அடுக்கில் உள்ள நுண்ணுயிர்ச் செல்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று இதைச் சேர்ந்தது. இதன் மரபணுத் தொகுதி 13 லட்சம் எழுத்துகளே கொண்டது. தேவையற்றதை எல்லாம் உதறிவிட்ட இந்தச் செல், சல்ஃபேட்டிலிருந்து கந்தகத்தைப் பிரித்தெடுக்கும் வழியையும் உதறிவிட்டது. சல்ஃபேட் நிறைந்த நீரில் மிதந்துகொண்டே, தனக்கு வேண்டிய கந்தகத்தை மற்ற உயிர்கள் பக்குவப்படுத்தித் தந்தால்தான் வாழ முடியும் என்ற நிலைக்கு அது வந்திருக்கிறது. பாசிகள் தங்கள் உடலில் சேமிக்கும் டிஎம்எஸ்பி என்ற கந்தகச் சேர்மம் அதற்குக் கை கொடுக்கிறது. அதே டிஎம்எஸ்பியை நுண்ணுயிர்கள் வேறொரு வழியில் உடைத்தால் டைமெத்தில் சல்ஃபைடு உண்டாகிறது. கடற்கரைக் காற்றின் தனி மணத்தில் அதற்குப் பங்குண்டு. காற்றில் ஏறிய அது ஆக்சிஜனேற்றமடைந்து, மேகத்துளிகள் உருவாக வித்தாகும் துகள்களைத் தருகிறது. பாசிகள் இப்படி மேகத்தை வளர்த்துத் தம்மேல் விழும் வெயிலையே கட்டுப்படுத்துகின்றன என்று 1987-இல் முன்வைக்கப்பட்ட கருதுகோள் பெரும் புகழ் பெற்றது. பிற்கால அளவீடுகள் அதற்குப் போதிய வலு சேர்க்கவில்லை. கடல் உப்புத் துகள்கள் முதலான பிற காரணிகளுக்கும் மேக உருவாக்கத்தில் பெரிய பங்கு இருப்பது தெரிந்தது. அழகான கருத்து என்பதற்காக அதை உண்மை என்று எழுதிவிடக் கூடாது என்பதே என் எண்ணம்.

உதறிவிட்டுப் பிறரைச் சார்ந்திருக்கும் இதே போக்கு புரோகுளோரோகாக்கஸிடமும் உண்டு. வெயில் படும் கடல்நீரில் ஹைட்ரஜன் பெராக்சைடு தொடர்ந்து உண்டாகிறது. அது செல்களைச் சிதைக்கும் நஞ்சு. அதை முறிக்கும் கேட்டலேஸ் நொதி புரோகுளோரோகாக்கஸிடம் இல்லை. அருகில் வாழும் பிற பாக்டீரியாக்கள் தங்கள் பாதுகாப்புக்காக அந்த நஞ்சை முறிக்கும்போது சுற்றியுள்ள நீர் முழுவதுமே தூய்மையாகிறது; அந்தப் பாதுகாப்பில் இதுவும் வாழ்கிறது. ஆய்வகத்தில் இதைத் தனியாகப் பிரித்து மிகக் குறைந்த எண்ணிக்கையில் வளர்த்தால் மடிந்துபோகிறது. துணைப் பாக்டீரியாவைச் சேர்த்தால் தழைக்கிறது. இந்த உறவை விளக்கி 2012-இல் ஜெஃப்ரி மோரிசும் உடனாய்வாளர்களும் முன்வைத்த கருத்து, சூழலுக்கு ஏற்பத் தகவமைவது என்றால் என்ன என்ற கேள்வியையே மாற்றியமைத்தது. இங்கே ஓர் உயிரின் தகவமைப்பு, மற்றோர் உயிர் அருகில் இருந்துகொண்டே இருக்கும் என்பதை நம்பி நடந்த இழப்பு.

வைரஸ்களை விட்டுவிட்டு இந்தக் கணக்கு முடியாது. ஒரு மில்லிலிட்டர் நீரில் ஏறத்தாழ ஒரு கோடி வைரஸ் துகள்கள் உள்ளன. கடல் மேற்பரப்பு நுண்ணுயிர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அவை ஒவ்வொரு நாளும் கொல்கின்றன என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. வெடித்த செல்லின் உட்பொருள்கள் நீரில் கரைந்து, மீன் வரை செல்லும் உணவுச் சங்கிலிக்குப் போகாமல், மீண்டும் பாக்டீரியாக்களுக்கே உணவாகின்றன. ஃபாரூக் ஆசமும் உடனாய்வாளர்களும் 1983-இல் விவரித்த நுண்ணுயிர் வளையம் என்னும் சுழற்சி இதனால் மேலும் வேகம் பெறுகிறது. புரோகுளோரோகாக்கஸைத் தாக்கும் வைரஸ்களில் பல, ஒளிச்சேர்க்கைக்கான மரபணுக்களையும் தம்மோடு சுமந்து வருகின்றன. தாக்கப்பட்ட செல்லின் ஒளிச்சேர்க்கை இயந்திரம் பழுதடையும்போது, தான் பெருகி முடியும்வரை அதை ஓடவைக்க வைரஸ் தன்னிடமுள்ள மரபணுவைப் பயன்படுத்துகிறது. பூமியில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழ பாதி கடலில் நடக்கிறது. அதில் ஒரு பகுதி இந்த வைரஸ் மரபணுக்களின் துணையோடு நடப்பதுதான்.

நுண்ணுயிர்கள் தம் சூழலை எவ்வளவு நுட்பமான விளிம்பில் நிறுத்தி வைக்க முடியும் என்பதற்கு அரபிக் கடலையும் வங்காள விரிகுடாவையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். இரண்டிலும் சில நூறு மீட்டர் ஆழத்தில் ஆக்சிஜன் மிகக் குறைந்த நீரடுக்கு இருக்கிறது. அதைக் குறைத்தவை, மேலிருந்து மூழ்கிவரும் உயிர்ப்பொருளைச் சிதைக்கும் நுண்ணுயிர்களே. அரபிக் கடலில் ஆக்சிஜன் முற்றாகத் தீர்ந்து, நைட்ரேட் நைட்ரஜன் வாயுவாக மாறும் வேலை பெருமளவில் நடக்கிறது. கார்பன் டைஆக்சைடைவிடப் பன்மடங்கு வெப்பம் பிடிக்கும் நைட்ரஸ் ஆக்சைடும் அங்கிருந்து வெளியேறுகிறது. வங்காள விரிகுடாவில் அதே வேலையைச் செய்யக்கூடிய நுண்ணுயிர்கள் இருந்தும், நைட்ரஜன் இழப்பு மிகக் குறைவு. 2017-இல் வெளியான அளவீடுகள் அதன் காரணத்தைக் காட்டின. வழக்கமான கருவிகள் சுழியம் என்று காட்டும் அந்நீரில், லிட்டருக்குச் சில நானோமோல் என்னும் மிக நுண்ணிய அளவில் ஆக்சிஜன் எஞ்சியிருக்கிறது. அந்தச் சிறு மிச்சமே பெரிய அளவிலான நைட்ரஜன் இழப்பைத் தடுத்து நிற்கிறது. கடல் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் 1960 முதல் ஏறத்தாழ 2 விழுக்காடு ஆக்சிஜன் குறைந்திருக்கிறது. விளிம்பில் நிற்கும் ஒரு கடலுக்கு அது சிறிய எண் அன்று.

இந்தப் பிணைப்புகளை அறியாமல் கடலைத் திருத்த முனைவதைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. தென்பெருங்கடல் போன்ற இடங்களில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இருந்தும் பாசி வளராததற்கு இரும்புப் பஞ்சமே காரணம் என்று ஜான் மார்ட்டின் 1980-களின் இறுதியில் வாதிட்டார். 1993 முதல் கடலில் இரும்பைக் கரைத்துச் செய்த சோதனைகள் அவர் சொன்னதைப் பெரும்பாலும் மெய்ப்பித்தன: இரும்பு கிடைத்ததும் பாசி பெருகியது. அப்படியானால் இரும்பைக் கொட்டிக் கார்பனை ஆழ்கடலுக்கு அனுப்பிவிடலாமே என்ற யோசனையும் உடனே பிறந்தது. 2009-இல் இந்திய, ஜெர்மானிய அறிவியலாளர்கள் சேர்ந்து தென் அட்லாண்டிக்கில் லோஹாஃபெக்ஸ் என்ற சோதனையை நடத்தினர். அந்நீரில் சிலிக்கா குறைவாக இருந்ததால் கனமான ஓடுடைய டயட்டம்கள் வளரவில்லை. சிறிய பாசிகளே பெருகின. அவற்றைச் சிறு விலங்குகள் மேய்ந்துவிட்டன. ஆழத்துக்குச் சென்ற கார்பன் மிகக் குறைவு. ஒரே ஒரு சத்தைச் சேர்த்தால் என்ன நடக்கும் என்பது, அங்கே ஏற்கெனவே யார் இருக்கிறார்கள், அவர்கள் முன்னரே எதைத் தீர்த்து வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அறிவதற்காகச் செய்த சோதனை என்ற அளவில் அது மதிப்புள்ளது. அதையே வணிகமாக விரிக்கும் திட்டங்களை நான் ஏற்கவில்லை.

திட்டமிடாமலே நாம் நடத்திக்கொண்டிருக்கும் சோதனை கடல் சூடாவதுதான். வெப்பமண்டலத்துக்கு உரிய புரோகுளோரோகாக்கஸ், கடல் மேலும் சூடாகும்போது பரவிப் பெருகும் என்று பலரும் எதிர்பார்த்தனர். கப்பல்களில் பொருத்திய கருவிகளால் ஆண்டுக்கணக்கில் செல்களை அளந்து 2025-இல் வெளியிடப்பட்ட ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. நீரின் வெப்பநிலை 28 டிகிரி செல்சியஸை ஒட்டிய அளவைத் தாண்டியதும் அதன் பிரிதல் வேகம் கூடுவதை விட்டுக் குறையத் தொடங்குகிறது. பஞ்சத்துக்கு ஈடுகொடுக்க மரபணுக்களை ஒவ்வொன்றாக உதறியபோது, வெப்ப நெருக்கடியைச் சமாளிக்கும் மரபணுக்கள் சிலவற்றையும் அது இழந்துவிட்டது என்பதே ஆய்வாளர்கள் தரும் விளக்கம். அதன் உறவினமான சினெக்கோகாக்கஸ் சற்றுப் பெரிய மரபணுத் தொகுதியோடு அந்த வெப்பத்தை ஓரளவு தாங்குகிறது. காலியாகும் இடத்தின் ஒரு பகுதியை அது நிரப்பக்கூடும். ஆனால் அதன் செல் பெரிது. அதைக் கட்டுவதற்குக் கூடுதல் நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும். அதைத் தாக்கும் வைரஸ்களும் மேயும் உயிர்களும் எல்லாம் புரோகுளோரோகாக்கஸுக்கு உள்ளவையே அல்ல. அது கசியவிடும் கரிமப் பொருள்களின் கலவையும் வேறு. புரோகுளோரோகாக்கஸின் கசிவை உண்டு பழகிய பெலாஜிபாக்டருக்கு, கடல் சூடானது என்பது நீர் சூடானதோடு முடிந்துவிடுவதில்லை. அதைச் சுற்றியிருந்த செல்களும், அவற்றிலிருந்து அதற்கு வந்துகொண்டிருந்த உணவும் மாறிவிடுகின்றன.